டாக்டரும் மாத்திரையும் இருக்கும்போது கேஸ் மேனேஜர் எதற்கு?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: 22 வயதுத் தம்பிக்கு முதல் தடவையாக சைக்கோசிஸ் (இல்லாத குரல் கேட்பது, இல்லாததை நம்புவது என்று நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் மனநிலை) வந்து, பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் மூன்று வாரம் இருந்துவிட்டு அல்சூர் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார். டிஸ்சார்ஜ் ஆகும்போது டாக்டரோடு சேர்த்து ஒரு கேஸ் மேனேஜரையும், அதாவது வீட்டுக்குப் போன பிறகும் நோயாளியைத் தொடர்ந்து கவனிக்கும் ஆளையும், போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண்மணி போன் செய்து தூக்கம், சாப்பாடு, காலேஜ், வீட்டில் சண்டை என்று எல்லாவற்றையும் கேட்கிறார். "டாக்டர் இருக்கார், மாத்திரை இருக்கு, இவங்க எதுக்கு நம்ம வீட்டு விஷயத்தைக் குடையறாங்க?" என்பது அப்பாவின் கோபம். மாதாமாதம் கட்டணம் வேறு. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று கேட்கிறீர்கள். உள்ளே இருக்கும் கேள்வி, டாக்டரைப் பார்க்கும் பத்து நிமிடத்துக்கும் அடுத்த பத்து நிமிடத்துக்கும் நடுவில் கிடக்கும் முப்பது நாளை யார் பார்த்துக்கொள்வது என்பது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

தம்பிக்கு வந்திருப்பது எந்த நோய், எந்த மருந்து எவ்வளவு காலம் வேண்டும் என்பதையெல்லாம் இங்கே உட்கார்ந்துகொண்டு யாரும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. முதல் எபிசோடில் டாக்டர்களே நோயின் பெயரை உடனே உறுதியாக எழுத மாட்டார்கள். ஆறு மாதம், ஒரு வருடம் போன பிறகு பெயர் மாறுவது சகஜம். ஆனால் பெயர் எதுவானாலும் முதல் இரண்டு மூன்று வருடம் எப்படிப் போகிறது என்பதில்தான் பின்னாடி வரும் வாழ்க்கையின் பெரும்பகுதி தீர்மானமாகிறது. முதல் எபிசோடு தேறியவர்களை ஐந்து வருடம் பின்தொடர்ந்த ஒரு நியூயார்க் ஆய்வு 1999-ல் வெளியானது. ஸ்கிசோஃப்ரீனியா (மனச்சிதைவு) வகை நோய் இருந்தவர்களில் நூற்றுக்கு 82 பேருக்கு அதற்குள் ஒரு முறையாவது நோய் திரும்பியது. மருந்தை நிறுத்தியவர்களுக்கு அந்த ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு. மருந்து நின்றுபோவது டாக்டரின் அறையில் நடப்பதில்லை. வீட்டில், செவ்வாய்க்கிழமை ராத்திரி, "இன்னிக்கு ஒரு நாள் விட்டா என்ன" என்று தொடங்குகிறது.

இந்த கேஸ் மேனேஜர் ஏற்பாடு 1992-ல் மெல்போர்னில் பாட்ரிக் மக்கோரியும் அவரோடு இருந்தவர்களும் தொடங்கிய இளைஞர் சைக்கோசிஸ் மையத்தில் வடிவம் பெற்றது. சிங்கப்பூர் 2001-ல் தனக்கென்று ஒன்றை ஆரம்பித்தது. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல ஆராய்ச்சி நிறுவனம் கனடாவின் மான்ட்ரியல் குழுவோடு சேர்ந்து, இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி கேஸ் மேனேஜர் முறையை வைத்து இரண்டு வருட ஒப்பீடு செய்தது. எல்லா இடத்திலும் அடிப்படை ஒன்றுதான்: ஒரு நோயாளிக்கு ஒரு ஆள், குறைந்தது இரண்டு வருடம், அதே ஆள். கற்பிக்கும் மருத்துவமனைகளில் ஜூனியர் டாக்டர்கள் சில மாதத்துக்கு ஒருமுறை பிரிவு மாறுவார்கள். ஒவ்வொரு தடவையும் புது முகத்திடம் "முதல்லேருந்து சொல்லுங்க" என்று ஆரம்பிக்க வேண்டியிருக்கும். அந்தக் கதையை முழுசாக மனதில் வைத்திருக்கும் ஒரே ஆள் பெரும்பாலும் கேஸ் மேனேஜராகத்தான் இருப்பார்.

என்ன செய்வார் என்றால், வீட்டுக்கு வந்த முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு தடவையாவது பேச்சு இருக்க வேண்டும். அதில் ஒன்று நேரில். பிறகு மூன்று மாதம்வரை வாரம் ஒன்று. நிலைமை சீரான பின் பதினைந்து நாளைக்கு ஒன்று, கடைசி வருடத்தில் மாதம் ஒன்று. இது சட்டம் இல்லை, நல்ல மையங்களின் நடைமுறை. பேச்சில் "மாத்திரை போட்டியா?" என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் "போட்டேன்" என்றுதான் சொல்வார்கள். தெரிந்தவர் "இந்த வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு?" என்று கேட்பார். விட்டுப்போவது இயல்பு என்று முதலிலேயே ஒத்துக்கொள்ளும் கேள்வி அது. உண்மை வெளியே வரும். கூடவே அட்டையைப் பார்க்கச் சொல்வார்: 14 நாளைக்கு 14 மாத்திரை வாங்கி, பத்து ராத்திரி ஆன பின் அட்டையில் 7 மிச்சம் இருந்தால் மூன்று ராத்திரி போயிருக்கிறது. திட்டுவதற்காக எண்ணுவதில்லை. ஏன் விட்டார் என்று கண்டுபிடிக்கத்தான் எண்ணுவது. பெரும்பாலும் காரணம் பக்கவிளைவு.

இங்கேதான் குடும்பங்கள் அதிகம் ஏமாறுவது. மருந்து ஆரம்பித்த முதல் சில நாளில் கழுத்து ஒரு பக்கம் முறுக்கிக்கொள்ளலாம், கண் மேலே சொருகி நிற்கலாம், தாடை இறுகலாம். பார்ப்பவர்களுக்கு வலிப்பு மாதிரி இருக்கும், சிலருக்குச் சாமி வந்தது மாதிரி இருக்கும். இது மருந்தால் வரும் தசை இறுக்கம். எமர்ஜென்சிக்குக் கொண்டுபோனால் ஒரு ஊசியில் சில நிமிடத்தில் இறங்கிவிடும். இன்னொன்று கொஞ்சம் தந்திரமானது: உட்கார முடியாத தவிப்பு. காலை ஆட்டிக்கொண்டே இருப்பார், எழுந்து ஹாலுக்கும் பால்கனிக்கும் நடப்பார், சாப்பாட்டில் பாதியில் எழுவார், "உடம்புக்குள்ள என்னமோ பண்ணுது" என்பார். நோய் ஏறுகிறது என்று நினைத்து வீட்டில் அரை மாத்திரை கூடக் கொடுத்துவிடுவார்கள். தவிப்பு இரண்டு மடங்காகும். அதைத் தாங்க முடியாமல் மருந்தையே தூக்கிப் போட்டவர்கள் நிறைய பேர். உயிரை விட நினைத்தவர்களும் உண்டு. மனசு பதறுகிறதா, கால்தான் நிற்க மாட்டேன் என்கிறதா என்று கேட்டு வித்தியாசம் பிரித்து, அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட்டு அளவைக் குறைப்பதா, கூட வேறு மருந்து சேர்ப்பதா என்று கேட்பது கேஸ் மேனேஜரின் வேலை. அளவை மாற்றுவது அவர் வேலை இல்லை. "நீங்களே பாதியாக் குறைச்சுக்கோங்க" என்று சொல்லும் கேஸ் மேனேஜர் எல்லை தாண்டுகிறார்.

எடையும் அப்படித்தான், மெதுவாக வரும். ஒலான்ஸபின் போன்ற மருந்துகளில் பசி கட்டுக்கடங்காமல் போகும். முதல் ஆறு வாரம் வாரம் ஒரு தடவை, ஒரே மெஷினில், காலையில் எடை பார்க்க வேண்டும். ஆரம்ப எடையில் நூற்றுக்கு ஐந்து கூடினால், அதாவது 60 கிலோ 63 ஆனால், டாக்டரிடம் பேச வேண்டிய நேரம் வந்தாயிற்று. 75 ஆன பிறகு பேசிப் பெரிய பிரயோஜனம் இல்லை. சர்க்கரை, கொழுப்பு இரண்டும் தொடக்கத்திலும் மூன்றாம் மாதத்திலும், பிறகு வருடத்துக்கு ஒரு தடவையும் பார்க்க வேண்டும். பெண்களாக இருந்தால் மாதவிலக்கு தள்ளிப்போவதையும் கேட்க வேண்டும். ரிஸ்பெரிடோன் என்ற மருந்தில் அது வரலாம், யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களுக்கு என்று ஒரு சிக்கல் உண்டு. டாக்டர் கன்னடமோ ஆங்கிலமோ இந்தியோ பேசுவார். அம்மாவுக்குத் தமிழ் மட்டும். நடுவில் மொழிபெயர்ப்பவர் யார்? நோயாளிதான். "ராத்திரி பூரா சுவத்தப் பாத்துப் பேசறான், என் கையால சாப்பிட மாட்டேங்கறான், விஷம் வச்சிருக்கேன்னு சொல்றான்" என்று அம்மா அழுதுகொண்டே சொன்னதை, பிள்ளை டாக்டரிடம் "கொஞ்சம் தூக்கம் வரலையாம், சாப்பாடு சரியில்லையாம்" என்று சொல்லி முடித்துவிடுவார். அதில் பொய்கூட இல்லை, வெட்கம்தான். மருந்து குறையும், அடுத்த மாதம் மறுபடியும் அட்மிஷன். அம்மாவோடு தனியாகத் தமிழில் பேசக்கூடிய ஆள் குழுவில் ஒருவராவது வேண்டும். உங்கள் கேஸ் மேனேஜருக்குத் தமிழ் தெரியுமென்றால் அந்த ஒரு காரணத்துக்காகவே அவரைக் கைவிட மாட்டேன். தெரியாதென்றால், டாக்டரைப் பார்க்கும் நாளில் மொழிபெயர்ப்பு வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், தம்பியிடம் விடாதீர்கள்.

கோயில் விஷயமும் வரும். குணசீலத்தில் ஒரு மண்டலம், 48 நாள் தங்க வைக்கலாம் என்று உறவில் யாராவது சொல்லியிருப்பார்கள், இல்லையென்றால் சொல்வார்கள். இதை எதிர்த்துச் சண்டை போடும் கேஸ் மேனேஜர் குடும்பத்தை இழந்துவிடுவார். விவரம் தெரிந்தவர், "தாராளமாப் போங்க, 50 நாளைக்கு மாத்திரை வாங்கிட்டுப் போங்க, வியாழக்கிழமை வியாழக்கிழமை நான் போன் பண்றேன்" என்பார். கட்டிப்போடும் இடம் என்றால் மட்டும் உறுதியாகத் தடுக்க வேண்டும்: 2017 மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்கிறது, 2001-ல் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு இடத்தில் தீ பிடித்தபோது கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் இறந்தார்கள் 28 பேர். அடுத்து வரும் யோசனை கல்யாணம். "ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடும்" என்பதற்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை. முதல் வருடத்தில் அது தம்பிக்கும் சுமை, உண்மை தெரியாமல் வரும் பெண்ணுக்கு அநியாயம்.

காலேஜ் பற்றி அப்பாவுக்கு அவசரம் இருக்கும். நோயின் சத்தம் அடங்கிய பிறகும் கவனமும் ஞாபகமும் மெதுவாகத்தான் திரும்பும். ஒரு பக்கம் படித்து முடிப்பதற்குள் முதல் வரி மறந்துபோகும். மூன்றாவது வாரமே முழு நாள் வகுப்புக்கு அனுப்பினால் தோற்றுத்தான் வருவார், அந்தத் தோல்வி மருந்து விடுவதற்கு அடுத்த காரணமாகும். அரை நாள், குறைந்த பாடம், முடிந்தால் ஒரு செமஸ்டர் இடைவெளி என்று திட்டம் போட்டு, நோயின் பெயர் இல்லாமல் மருத்துவ விடுப்பு என்று மட்டும் சான்றிதழ் எழுதித் தரும்படி டாக்டரிடம் கேட்பது கேஸ் மேனேஜரின் வேலைகளில் ஒன்று. கஞ்சா இருந்தால் அதையும் அவரிடம்தான் பிள்ளைகள் சொல்வார்கள், அப்பாவிடம் இல்லை. யாரோடு, எந்த நாளில், எவ்வளவு என்று உபதேசம் இல்லாமல் கேட்டால் பதில் வரும். சைக்கோசிஸ் ஒரு தடவை வந்தவர் கஞ்சாவைத் தொடர்ந்தால் திரும்ப வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது சந்தேகமில்லாத விஷயம்.

அப்பாவின் கோபத்துக்கு ஒரு நியாயம் உண்டு: வீட்டு விஷயம் எங்கே போகிறது? 2017 சட்டத்தின் 23-ஆம் பிரிவு நோயாளியின் தகவலை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. அவர் சம்மதமில்லாமல் காலேஜுக்கோ கம்பெனிக்கோ சொல்லக்கூடாது. இது வீட்டுக்குள்ளும் பொருந்தும் என்பதுதான் அப்பாக்களுக்குச் சங்கடம். தம்பிக்கு 22 வயது. அவர் சொல்வதையெல்லாம் கேஸ் மேனேஜர் உங்களிடம் ஒப்பிக்க மாட்டார், ஒப்பிக்கவும் கூடாது. உயிருக்கோ மற்றவருக்கோ ஆபத்து என்றால் மட்டும் சொல்வார். இந்தக் கோட்டை முதல் சந்திப்பிலேயே மூன்று பேரும் உட்கார்ந்து போட்டுக்கொள்வது நல்லது. 14-ஆம் பிரிவின்படி தம்பி தனக்கு ஒரு பிரதிநிதியை எழுத்தில் நியமிக்கலாம். அது நீங்களாக இருக்கலாம், அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தெளிவாக இருக்கும் நாளிலேயே இதை முடித்துவைத்தால் அடுத்த நெருக்கடியில் யார் கையெழுத்துப் போடுவது என்ற சண்டை வராது.

கேஸ் மேனேஜரிடமிருந்து உங்களுக்குக் கட்டாயம் கிடைக்க வேண்டிய ஒரு பொருள் உண்டு: ஒரு பக்கத் தாள். அதில் நோய் போன தடவை எப்படித் தொடங்கியது என்று நாள் வாரியாக, தம்பியின் வாயாலேயே கேட்டு எழுதியிருக்க வேண்டும். பலருக்கு முழு நோய்க்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு முன்பே அடையாளம் தெரியும், ஆளுக்கு ஆள் வேறு: ஒருவர் தூக்கம் ஏழு மணியிலிருந்து நாலுக்கு இறங்குவது, ஒருவர் போனை அணைத்து வைப்பது, ஒருவர் குளிக்காமல் இருப்பது, ஒருவர் ஜன்னலை மூடுவது. தாளின் முதல் பகுதியில் லேசான அடையாளம். இரண்டு ராத்திரி தொடர்ந்தால் கேஸ் மேனேஜருக்கு போன். அடுத்தது நடுத்தரம், அந்த வாரமே டாக்டர். கடைசியில் ஆபத்து, எந்த எமர்ஜென்சி, யார் கூடப் போவது, யார் வண்டி. 108-ம் எழுதியிருக்கட்டும். "கவனமாப் பாத்துக்கோங்க" என்று வாயால் சொல்லி அனுப்புவது திட்டம் ஆகாது. எதைக் கவனிப்பது என்று தெரியாத குடும்பம் எல்லாவற்றையும் கவனிக்கும். பிள்ளை சிரித்தாலும் பயப்படும், அவருக்கு வீடே ஜெயிலாகும்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. முதல் வருடத்தில் தற்கொலை ஆபத்து அதிகம், அது குழப்பம் உச்சத்தில் இருக்கும்போது மட்டும் வருவதில்லை. தெளிவு வந்து, "கூடப் படிச்சவன் எல்லாம் வேலைக்குப் போயிட்டான், நான் இப்படி ஆயிட்டேன்" என்று புரியத் தொடங்கும் மாதங்களில் வரும். வீட்டில் எல்லோரும் "நல்லாயிட்டான்" என்று மூச்சு விடும் நேரம் அது. நேரடியாகக் கேட்கலாம், கேட்பதால் எண்ணம் வராது. வீட்டில் ஒரு வாரத்துக்கு மேல் மாத்திரை கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். ராத்திரி நேரத்தில் 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள்.

இனி, இதெல்லாம் நிஜமாகப் பலன் தருகிறதா? டென்மார்க்கில் 1998-ல் தொடங்கிய ஓபஸ் ஆய்வில் 547 பேர். ஒரு பணியாளருக்குப் பத்துப் பேர் அளவில் இரண்டு வருடம் கவனித்தபோது, வழக்கமான சிகிச்சையைவிட அறிகுறிகள் குறைந்தன, சிகிச்சையில் நிலைத்தவர்கள் கூடினார்கள். அமெரிக்காவில் 404 பேரை வைத்து நடந்த ஆய்வும் 2015-ல் இதே திசையைக் காட்டியது. சிகிச்சை தாமதமாகாமல் வந்தவர்களுக்குப் பலன் கூடுதல். இதுவரை உறுதி. ஆனால் ஓபஸ் ஆட்களை ஐந்தாம் வருடம் பார்த்தபோது அந்த நன்மையில் பெரும்பகுதி கரைந்திருந்தது. இரண்டு வருடம் போதுமா, ஐந்து வேண்டுமா என்ற வாதம் இன்னும் ஓடுகிறது. இந்த ஆய்வுகளில் மருந்து, குடும்பப் பயிற்சி, வேலை உதவி எல்லாம் ஒரே பொட்டலமாகக் கொடுக்கப்பட்டன. அதில் கேஸ் மேனேஜரின் பங்கு மட்டும் எவ்வளவு என்று யாரும் சுத்தமாகப் பிரித்துக் காட்டவில்லை. சென்னை–மான்ட்ரியல் ஒப்பீட்டில் முடங்கிப்போகும் வகை அறிகுறிகள் சென்னையில் நன்றாகக் குறைந்தன. குடும்பம் கூடவே இருந்ததுதான் காரணம் என்பது வலுவான ஊகம், ஊகம்தான். சதாரா, கோவா, தமிழ்நாடு மூன்று இடத்தில் நாள்பட்ட ஸ்கிசோஃப்ரீனியா உள்ள 282 பேரோடு, பயிற்சி பெற்ற சாதாரண சமூகப் பணியாளர்களை வைத்து நடந்த ஆய்வு 2014-ல் வந்தது. பலன் இருந்தது, மிதமாக. ஆகவே பெரிய பட்டம் இல்லையே என்று மட்டும் பார்த்து உங்கள் கேஸ் மேனேஜரை ஒதுக்க வேண்டாம்.

எதைப் பார்ப்பது என்றால், நேராகக் கேளுங்கள்: உங்களிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள்? இங்கிலாந்தில் ஒருவருக்கு வைத்திருக்கும் அளவு 15. இங்கே 30 என்றாலும் சமாளிப்பார். 100 என்றால் அவர் அப்பாயின்ட்மென்ட் ஞாபகப்படுத்தும் ஆள் மட்டுமே, அதற்குக் கட்டணம் வேண்டாம். தம்பி வராவிட்டால் என்ன செய்வீர்கள்? "வீட்டுக்கு வருவேன்" என்பது நல்ல பதில், "மூணு தடவை போன் பண்ணிட்டு கேஸ் க்ளோஸ்" என்பது கெட்ட பதில். டாக்டரோடு வாரம் ஒரு தடவையாவது உட்கார்ந்து பேசுகிறீர்களா? நீங்கள் வேலையை விட்டால் யார் வருவார், அறிமுகப்படுத்திவிட்டுப் போவீர்களா? இன்ஷூரன்ஸை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். மனநோய்க்கும் உடல்நோய் போலவே காப்பீடு என்று சட்டம் சொன்னாலும் வெளிநோயாளிச் செலவைப் பெரும்பாலான பாலிசிகள் தருவதில்லை.

கட்டணம் தாங்காதென்றால், பெங்களூரின் அரசு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் மனநல சமூகப் பணித் துறை இருக்கிறது; டாக்டரிடம் அந்தத் துறைக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும், தானாகக் கிடைக்காது. கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்திலிருந்து அங்கே தினமும் வருகிறார்கள், தமிழ் காதில் விழும் இடம்தான். ஆமெண்ட் என்ற குடும்பங்களின் சங்கமும் பெங்களூரில் உண்டு. அம்மாவுக்கு அது உதவும். கேஸ் மேனேஜர் வேலையை நீங்களே செய்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். மாத்திரை அட்டையை எண்ணும் அக்காவிடம் தம்பி மனசு விட்டுப் பேச மாட்டார். ஆளே கிடைக்காவிட்டால் எண்ணும் வேலையை அப்பா எடுத்துக்கொள்ளட்டும், நீங்கள் அக்காவாகவே இருங்கள்.

அப்பாவை அடுத்த சந்திப்புக்குக் கூட்டிப்போய் கேஸ் மேனேஜரோடு இருபது நிமிடம் தனியாக உட்கார வையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, மிச்ச மாத்திரை அட்டைகள், எடை குறித்த தாள் மூன்றையும் கொண்டுபோங்கள். மூன்று மாதம் வைத்துப் பாருங்கள். அதற்குள் அந்த ஒரு பக்கத் தாள் உங்கள் கைக்கு வரவில்லை என்றால் அப்போது வேண்டாம் என்று சொல்லிக்கொள்ளலாம்.